பொருந்தாச் சொல்லைக் கேட்பதா, சொற்களைத் தொகுக்கச் சொல்வதா? ஒரே விடை உள்ள புதிரை அமைப்பது பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நூலகத் தோழி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காகச் சொற்புதிர்கள் அமைத்து வருகிறேன். பள்ளி மாணவர்கள் முதல் ஓய்வூதியர்கள் வரை பலரும் வந்து விடை சொல்கிறார்கள். நான்கு சொற்களைக் கொடுத்துப் பொருந்தாத ஒன்றை எடுக்கச் சொல்லும் வகைதான் எல்லோருக்கும் பழக்கமானது. பள்ளிப் பாடங்களில் மட்டுமன்றி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்திலும் பொருந்தாச் சொல்லைக் கண்டறிதல் ஒரு பகுதியாக இருந்து வந்திருக்கிறது.

ஆனால் இவ்வகையில் ஒரே விடையை உறுதி செய்வது எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. மா, பலா, வாழை, தென்னை என்னும் நான்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் முக்கனி என்பதால் தென்னையை விலக்குவார்கள் என்றுதான் முதலில் தோன்றும். வாழைக்கு மரத்தண்டு இல்லை, ஒருமுறை குலை தள்ளியதும் அது மடிந்துவிடும், ஆகவே வாழையே பொருந்தாதது என்று ஓர் உழவர் சொன்னால் அதை எப்படி மறுப்பது? மா மட்டுமே ஓரெழுத்து ஒருமொழி என்று இலக்கணம் படிக்கும் மாணவி சொல்லலாம். அடிமரத்திலேயே காய்ப்பது பலா ஒன்றுதான் என்று இன்னொருவர் சொல்லலாம். நான்கு சொற்களில் எதை விலக்கினாலும் அதற்குத் தக்க காரணம் கிடைத்துவிடுகிறது.

இந்த நிலையில் பொருந்தாச் சொல் வகையை விட்டுவிட்டு, பதினாறு சொற்களைக் கொடுத்து நந்நான்காகத் தொகுக்கச் சொல்லும் வகைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். அதில் ஒரே விடை மட்டுமே வரும்படி அமைக்க என்ன வழி? தமிழுக்கே உரிய எவ்வகைப் பொதுமைகளை அதற்குப் பயன்படுத்தலாம்? எழுத்தை அடிப்படையாகக் கொண்ட பொதுமைகள் நியாயமானவையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சொற்கட்டம்

தாராளமாக மாறலாம். பொருந்தாச் சொல் வகையில் நீங்கள் காணும் இடர் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. உலகில் எந்த மூன்று சொற்களை எடுத்தாலும் அவற்றுக்குள் ஏதாவது ஒரு பொதுமை இருக்கும் என்பதால், நான்கில் எந்த ஒன்றையும் விலக்க இயலும். தம் மனத்தில் இருக்கும் பொதுமைதான் மற்றவற்றைவிட வலியது என்று வாதிடுவதைத் தவிர, கேள்வியை அமைத்தவருக்கு வேறு தற்காப்பு இல்லை.

பதினாறு சொல் வகையில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. நீங்கள் பிரித்தெடுக்கும் நான்கு சொற்கள் தமக்குள் பொருந்தினால் மட்டும் போதாது. எஞ்சிய பன்னிரண்டும் நந்நான்காகப் பிரிய வேண்டும். தவறான தொகுதி ஒன்று எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், அதை எடுத்த பிறகு மீதிச் சொற்கள் ஒன்றுசேராமல் நின்று அதை மறுத்துவிடும். விடையைப் பற்றிய வழக்கைப் புதிரே தீர்த்துவிடுவதால், அமைத்தவர் நடுவராக அமர வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை.

இந்த வடிவம் பரவலாக அறிமுகமானது பிரிட்டனில் 2008-இல் தொடங்கிய, பிபிசியின் 'ஒன்லி கனெக்ட்' என்னும் வினாடி வினா நிகழ்ச்சியால். அதில் ஒரு சுற்றாக வரும் பதினாறு துப்புகள் கொண்ட சுவரை இரண்டரை நிமிடத்துக்குள் பிரித்தாக வேண்டும். 2023 ஜூன் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் அன்றாடப் புதிராக வெளியிடத் தொடங்கிய பிறகு அது உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே கால வரம்பு கிடையாது. நான்கு தவறுகள் செய்தால் ஆட்டம் முடிந்துவிடும். மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என நிறங்களால் கடினம் படிப்படியாகக் குறிக்கப்படுகிறது. நூலகத்தில் நடத்துவதற்குக் கால வரம்பில்லாத முறையே ஏற்றது என்று நான் கருதுகிறேன். கடிகாரம் ஓடும்போது இளையவர்கள் முந்திக்கொள்வார்கள். அகன்ற சொல்லறிவு கொண்ட முதியவர்கள் பேசவே மாட்டார்கள்.

ஒரே விடையை உறுதி செய்வதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. பதினாறு சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றும் நான்கு தொகுதிகளில் எவற்றுக்குள் எல்லாம் நுழைய முடியும் என்று எதிரே குறித்துக்கொள்கிறேன். ஒரே தொகுதிக்குள் மட்டும் நுழையக்கூடிய சொற்களை உறுதிச்சொற்கள் என்றும், இரண்டு தொகுதிகளுக்குப் பொதுவானவற்றை இரட்டைச் சொற்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சொல்தான் புதிரின் உயிர். ஆனால் அது இறுதியில் எங்கே போக வேண்டும் என்பதை உறுதிச்சொற்களின் எண்ணிக்கை கட்டாயப்படுத்த வேண்டும். இரண்டு இரட்டைச் சொற்கள் ஒன்றன் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்ள முடிகிறது என்றால், புதிருக்கு இரண்டு விடைகள் வந்துவிட்டன என்று பொருள். அமைத்தவரின் பட்டியலில் வராத ஐந்தாவது பொதுமை ஒன்றும் ஒளிந்திருக்கலாம் என்பதால், விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

இந்த முறைப்படி அமைத்த ஒன்றை இங்கே தருகிறேன். விடையை இப்போது சொல்லாமல் இருக்கிறேன். நீங்களே பிரித்துப் பாருங்கள்.

இளி, கலை, மருதம், துணைவி,
தாரம், நெய்தல், விளரி, நவ்வி,
முல்லை, உழை, இல்லாள், குரல்,
பிணை, துத்தம், கைக்கிளை, மனையாள்

மறுமொழி 2: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

தமிழுக்கே உரிய பொதுமைகள் எவை என்று தோழி கேட்டிருக்கிறார். அதற்கான விளைநிலம் நம் நிகண்டுகள். திவாகரமும் சூடாமணி நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தவை. முதல் பத்துத் தொகுதிகள் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் வகையால் சொற்களைத் திரட்டுகின்றன. பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைச் சொல்கிறது. பன்னிரண்டாம் தொகுதியோ பல பொருள்கள் சேர்ந்த கூட்டத்துக்கு வழங்கும் ஒரே பெயரைச் சொல்கிறது. தொகுதிப் புதிருக்கு வேண்டிய இரண்டு பொருள்களும் இந்தக் கடைசி இரண்டு தொகுதிகளில் ஆயத்தமாக இருக்கின்றன: பன்னிரண்டாவதிலிருந்து கூட்டங்களை எடுக்கலாம், பதினோராவதிலிருந்து இரட்டைச் சொற்களை எடுக்கலாம்.

ஆனால் தொகைப் பெயர்களைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அறம், பொருள், இன்பம், வீடு என்பது போலச் சரியாக நான்கே உறுப்புகள் உள்ள தொகையை வைத்தால், ஒன்றைக் கண்டதுமே மற்ற மூன்றும் தாமாக வந்து விழும். ஆறோ ஏழோ உறுப்புகள் உள்ள தொகையிலிருந்து நான்கை எடுப்பதே சுவை தரும். கடையெழு வள்ளல்கள், பெண்ணின் ஏழு பருவங்கள், பூவின் நிலைகள், ஆறு பெரும்பொழுதுகள், புறத்திணைகள் ஆகியவை இதற்கு மிகவும் பொருத்தமானவை. வஞ்சியும் காஞ்சியும் புறத்திணைகளாகவும் இருக்கின்றன, பழைய தலைநகரங்களாகவும் இருக்கின்றன. பேதை என்பது பருவப் பெயராகவும் வரும், அறிவற்றவர் என்ற பொருளிலும் வரும். ஓரி, காரி என்பவை வள்ளல்களின் பெயர்களாகவும் அவர்களுடைய குதிரைகளின் பெயர்களாகவும் வழங்கியவை.

எனக்கு மிகவும் பிடித்த சங்கிலி ஒன்று உண்டு. கார் என்பது பெரும்பொழுது. அதுவே மேகத்தின் பெயர். கொண்டல் மேகத்தின் பெயர், அதுவே கீழைக்காற்று. கோடை மேலைக்காற்று, அதுவே வெயில் காலம். கூதிர், முன்பனி, பின்பனியோடு காரையும், முகில், எழிலி, மஞ்சோடு கொண்டலையும், வாடை, தென்றலோடு கோடையையும் வைத்து ஒரு கட்டத்தின் பெரும்பகுதியை எழுப்பிவிடலாம். காற்றுக்கு மூன்றே சொற்கள் ஆகின்றன என்பதால் நான்காவதாகச் சூறை போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். கோடை என்பது நூல்கள் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளில் ஒன்றின் பெயர் இல்லை. இளவேனிலும் முதுவேனிலும்தான் அங்கே இருக்கின்றன. ஆயினும் மக்கள் வழக்கில் அது பருவம்தான் என்பதால், அமைப்பவர் இந்த வழியாகவும் ஒரு மாற்று விடை நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மா, பலா, வாழை, தென்னை பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தொல்காப்பிய மரபியல் 'புறக்காழ் அனவே புல்லென மொழிப, அகக்காழ் அனவே மரமென மொழிப' என்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்த தென்னை அந்தக் கணக்கில் புல்லினம். வாழைக்கு அகத்திலும் வயிரம் இல்லை. ஆகவே அந்த நூல்வழி பார்த்தால் மாவும் பலாவும் ஒருபுறமாகவும் மற்ற இரண்டும் மறுபுறமாகவும் பிரிந்து, பொருந்தாத ஒன்று என்ற கேள்வியே எழாமல் போகிறது. இத்தகைய கேள்வியைத் தேர்வில் வைத்து ஒரு மதிப்பெண்ணைப் பறிப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி 3: யாழ்ப்பாண வாசகி

ஆசிரியர் ஐயா காற்றுகளைச் சொன்னதால் எங்கள் பக்கத்து வழக்கையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கரையோர ஊர்களில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற நான்கு காற்றுப் பெயர்களும் மீனவர் வாயில் இன்றும் வழங்குகின்றன. சோழகம் தெற்கிலிருந்தும் கச்சான் மேற்கிலிருந்தும் வீசுபவை. கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலையும்தான். கோயில் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு. ஆகவே எங்கள் ஊரில் அது மிக நல்ல இரட்டைச் சொல். தமிழ்நாட்டு வாசகர் பலருக்கோ அது ஒரு பொருளிலும் தெரியாத சொல்லாக இருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடலை என்று தமிழ்நாட்டில் சொன்னால் பலர் நிலக்கடலையை நினைப்பார்கள். நாங்கள் கொண்டைக்கடலையை நினைப்போம். மரக்கறி என்றால் எங்களுக்குக் காய்கறி. ஒரே சொல் கடலின் இரு கரைகளிலும் வெவ்வேறு தொகுதிகளுக்குள் போய் அமரும்போது, ஒரு கரையில் ஒரே விடை உள்ள புதிருக்கு மறுகரையில் இரண்டு விடைகள் வந்துவிடக்கூடும். நூலகத்துக்குள் மட்டும் நடத்துவதென்றால் உள்ளூர் வழக்கைத் துணிந்து பயன்படுத்துங்கள். அந்த ஊரின் சொற்களைப் புதிராகக் காணும் மகிழ்ச்சியை வேறு எந்தப் புதிரும் தராது. இணையத்தில் வெளியிடுவதாயின், மற்றக் கரையைச் சேர்ந்த ஒருவரிடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

மறுமொழி 4: உளவியல் கற்பிப்பவர்

தோழியின் முதல் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய ஆய்வு ஒன்று உளவியல் வரலாற்றில் இருக்கிறது. சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931-லும் 1932-லும் உஸ்பெகிஸ்தான் பகுதி ஊர்களுக்குச் சென்று, எழுத்தறிவு பெறாத உழவர்களிடம் சுத்தியல், ரம்பம், மரக்கட்டை, கோடரி ஆகியவற்றின் படங்களைக் காட்டி, பொருந்தாததைச் சொல்லுமாறு கேட்டார். கருவி அல்லாத மரக்கட்டையை விலக்குவார்கள் என்பது கேள்வியின் எதிர்பார்ப்பு. ஆனால் பலர் எதையும் விலக்க மறுத்தார்கள். கட்டை இல்லாவிட்டால் ரம்பத்துக்கும் கோடரிக்கும் என்ன வேலை என்பது அவர்களுடைய வாதம். பொருள்களை வகையால் சேர்க்காமல், அவை ஒன்றாகப் புழங்கும் செயலால் சேர்த்தார்கள்.

அதைச் சிந்தனைக் குறைவு என்று நான் ஏற்கமாட்டேன். வாழ்க்கையில் பொருள்கள் அப்படித்தான் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. ஆகவே உங்கள் பதினாறு சொல் புதிர்களில் அகராதி வகைமைகள் மட்டுமே இடம்பெற வேண்டியதில்லை. உரல், உலக்கை, முறம், நெல் என்று ஒரு செயலைச் சுற்றி அமையும் தொகுதியையும் வையுங்கள். வீட்டில் நெல் குத்திப் பழகிய மூத்தவர்கள் அதை முதலில் கண்டுபிடிப்பார்கள். ஒரே கட்டத்தில் வகையால் சேர்ந்த தொகுதியும் செயலால் சேர்ந்த தொகுதியும் கலந்திருந்தால், வெவ்வேறு வாழ்க்கைப் பின்னணி உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்துதான் முழுவதையும் தீர்க்க முடியும். வாசகர் வட்டத்துக்கு அதுவே வேண்டியது.

மற்றொரு வடிவத்தையும் பரிந்துரைக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் சார்னாஃப் மெட்னிக் 1962-இல் முன்வைத்த சோதனை முறையில், தம்முள் தொடர்பில்லாதவை போலத் தோன்றும் மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் சேரும் நான்காவது சொல்லைக் கேட்பார்கள். படைப்பாற்றலை அளக்கும் நோக்கில் உருவான அந்தச் சோதனை, பொழுதுபோக்குப் புதிராகவும் நன்றாகவே இயங்குகிறது. தமிழில் ஆண், தேங்காய், அறம் என்று கொடுத்துப் பாருங்கள். ஆண்பால், தேங்காய்ப்பால், அறத்துப்பால் என்று பால் மூன்றோடும் சேரும். மூன்றிலும் அதன் பொருள் வேறு. இங்கே அறம் என்பது அறத்து என மாறுவதையும், தேங்காயின்பின் வல்லெழுத்து மிகுவதையும் கவனியுங்கள். புணர்ச்சியில் சொல்லின் உருவம் மாறுவதை அனுமதிக்கிறீர்களா என்பதைத் தொடக்கத்திலேயே வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நான் அனுமதிக்கும் பக்கம் நிற்கிறேன். மறைப்பு அதனால் ஆழமாகிறது.

மறுமொழி 5: நிரலாளர்

எழுத்தை அடிப்படையாகக் கொண்ட பொதுமைகள் பற்றிய கேள்வி இன்னும் விடை பெறாமல் இருக்கிறது. அவை நியாயமானவைதாம், ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒன்று போதும். திகதி, குடகு, கைரேகை, விகடகவி ஆகிய நான்கும் பின்னிருந்து படித்தாலும் மாறாதவை. திருஞானசம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடியிருப்பதால் இந்த விளையாட்டு நமக்குப் புதிதன்று. கவிதை, மகுடம், நகரம், அகல் ஆகிய நான்கிலும் முதலெழுத்தை நீக்கினால் விதை, குடம், கரம், கல் கிடைக்கின்றன. இதே கட்டத்தில் லாந்தர், சிம்னி, தீவட்டி போன்றவற்றை வைத்தால் அகல் அந்தப் பக்கம் இழுக்கும்.

இத்தகைய சொற்களைக் கணினியால் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. யூனிகோடில் 'வி' என்பது வகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளால் ஆனது. குறியீடுகளை அப்படியே திருப்பும் நிரல், விகடகவியை மாலைமாற்று இல்லை என்று தள்ளிவிடும். முதலில் உயிர்மெய்களை முழு எழுத்துகளாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு திருப்ப வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நூலகத் தோழி

அனைவருக்கும் நன்றி. சொற்கட்டம் ஐயாவின் புதிரைத் தீர்த்துவிட்டேன் என்று நம்புகிறேன். முதலில் இளி, விளரி, துத்தம் ஆகியவற்றைக் கண்டதும் பண்டைத் தமிழிசையின் ஏழு சுரங்கள் நினைவுக்கு வந்தன. தேடிப் பார்த்தால் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழுமே கட்டத்தில் இருந்தன! நான்கு இடங்களுக்கு ஏழு சொற்கள் போட்டியிட்டதால் அந்தத் தொகுதியை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைத் தேடினேன். துணைவி, இல்லாள், மனையாள் ஆகியவற்றோடு சேர நான்காவதாகத் தாரம் தேவைப்பட்டது. கலை ஆண்மான், பிணை பெண்மான், நவ்வியும் மான் என்று கண்டபின், உழைக்கும் மான் என்னும் பொருள் உண்டு என்பதை அகராதியில் பார்த்து உறுதி செய்தேன். முல்லை, மருதம், நெய்தலுக்குக் கைக்கிளை போனது. எஞ்சியவை குரல், துத்தம், இளி, விளரி.

எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. முல்லை, மருதம், நெய்தல் ஆகியவை ஐந்திணையில் அடங்கும்; கைக்கிளை அதில் அடங்காது. அப்படியிருக்க அந்தத் தொகுதி சரியானதா?

மறுமொழி 6: சொற்கட்டம்

முழுவதும் சரி. உங்கள் ஐயமும் கேட்க வேண்டியதே. ஐந்திணை என்றோ, நிலங்கள் என்றோ அந்தத் தொகுதிக்குத் தலைப்பிட்டிருந்தால் அது பிழையாகிவிடும். 'கைக்கிளை முதலாப் பெருந்திணை இறுவாய் முற்படக் கிளந்த எழுதிணை என்ப' என்று தொல்காப்பியம் ஏழு அகத்திணைகளைச் சொல்வதால், அகத்திணைகள் என்பதே நான் இட்டிருக்கும் தலைப்பு. சொற்களைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்தத் தலைப்பை எழுதுவதற்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன். நான்கு சொற்களுக்கும் பொருந்த வேண்டும். மற்ற பன்னிரண்டில் இரட்டைச் சொற்களைத் தவிர வேறு எதையும் உள்ளே விடக்கூடாது.

கைக்கிளை, உழை, தாரம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை இசைத் தொகுதியில் வைத்துப் பாருங்கள். குரல், துத்தம், இளி, விளரி ஆகியவற்றில் ஒன்று வெளியேற வேண்டியிருக்கும். அது திணையாகவோ மானாகவோ மனைவியாகவோ ஆக முடியாது. விளரி நெய்தலுக்கு உரிய பண் என்று யாரேனும் வாதிட்டாலும், பண்ணாக இருப்பது அதைத் திணையாக்கிவிடாது. நெய்தலுக்கு மாற்றாகக் குறிஞ்சியை வைக்க எண்ணியிருந்தேன். குறிஞ்சி தானே ஒரு பண்ணின் பெயராகவும் இருப்பதால் அதை விலக்கினேன்.

உங்கள் வட்டத்து மாணவர்களுக்கு இது கடினமாக இருக்குமானால், கட்டத்தின் அமைப்பை மாற்றாமல் உறுதிச்சொற்களை மட்டும் எளிதாக்குங்கள். நவ்விக்குப் பதிலாகப் புள்ளிமானும், இல்லாளுக்குப் பதிலாக மனைவியும் வந்தால் இரண்டு தொகுதிகள் உடனே வெளிச்சமாகும். இரட்டைச் சொற்கள் மூன்றும் தம் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.